நாற்பத்தோராம் பக்கம்

கௌரவ உறுப்பினர் திருமதி நகுலேஸ்வரி
எழும்பினா என்றால் எனக்கு விரல் நோகும்.
கணக்கு ரீச்சராய் இருந்தவ. மூச்சு விடாமல் எண்கள்:
வெருகலில் கணிதத்துக்கு ஆளில்லாத பள்ளிக்கூடம் ஏழு.
மூதூர்ப் பக்கம் விஞ்ஞானத்துக்கு மூன்றே தொண்டர் ஆசிரியர்.
சம்பூரில் ஆய்வுகூடம் உண்டு, பூட்டும் உண்டு,
திறப்பு வலயக் கந்தோரில்.

சபை சிரித்தது.
நான் அடித்தேன்: (சிரிப்பு)

பிறகு இரண்டாவது பிரேரணை.
வாசலில் பை சோதனை. குளிசையோ தூளோ பிடிபட்டால்
அன்றைக்கே விடுகைப் பத்திரம்.
ஓர் அழுகின மாங்காய் என்று தொடங்கினா.
மிச்சத்தை அவ முடிக்கமுதல் நான் அடித்து முடித்தேன்.
மூன்று வருடமாக எல்லாக் கட்சிக்கும்
அதே மாங்காய்தான்.

கரண்ட் போனது.
ஏசி அடங்கின அந்தக் கொஞ்ச நேரத்தில்
துறைமுகத்தில் ஏதோ ஒரு படகு கேட்டது.
தாளைக் கையில் வைத்துக்கொண்டு தாளைப் பாராமல்
அவ சொன்னதும் கேட்டது.

"நானும் ஒருத்தனை வெளியில விட்டனான்.
இடாப்பில முப்பத்தி நாலாம் இலக்கம்.
கொம்பாஸ் பெட்டிக்குள்ள பதினொரு குளிசை.
இடுப்பில செல்துண்டு இருந்தது அவனுக்கு.
நோவுக்கு ஆஸ்பத்திரி குடுத்ததுதான் முதல்.
பிறகு குடுத்தது ஆர் எண்டு நான் கேக்கேல்லை.
பெட்டியை மட்டும் வாங்கி வைச்சனான்."

ஜெனரேற்றர் உறுமியது. வெளிச்சம் வந்தது.
"ஆகவே, கௌரவ தவிசாளர் அவர்களே,
இப்பிரேரணையை இச்சபை ஏற்க வேண்டுமென..."

ஏற்றது. ஏகமனதாக.

பேசினவர் தன் பேச்சைத் திருத்த மூன்று நாள் உண்டு.
எழுத்துப் பிழை திருத்தலாம், பொருளை மாற்றக்கூடாது.
மற்றவர்கள் சாரதியிடம் கொடுத்துவிடுவார்கள்.
இவ தானே வந்தா, அடுத்த நாள், குடையோடு.
ஒரு காற்புள்ளி போட்டா. வெருகலுக்கு 'ற' போட்டிருந்தேன்,
மாற்றினா.
நாற்பத்தோராம் பக்கத்தில்
ஏழு வரிக்கும் மேலே பேனை நின்றது.

"மைக் வேலை செய்யேல்லைத்தானே, பிள்ளை."

"பதியிற மெசின் பற்றரியில ஓடினது, ரீச்சர்."

கௌரவ உறுப்பினர் என்றுதான் கூப்பிட வேண்டும்.
வாய் தவறிவிட்டது.
பத்தாம் வகுப்பில் எனக்கு விடை சரி,
இருந்தும் பாதிப் புள்ளிதான் போட்டவ.
சிவப்பு மையில் பக்கத்தில் எழுதியிருந்தா:
படிமுறை எங்கே?

அதை நான் அவவுக்குச் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
தாளை மடித்துப் பைக்குள் வைத்தா.
"வீட்டை கொண்டுபோய்ப் பாக்கிறன்" என்றா.
ஜன்னலால் பார்த்தேன்:
கேற்றடியில் ஒரு மான் குப்பை வாளிக்குள் தலைவிட்டு
யாருடைய சோற்றுப் பேப்பரையோ தின்றுகொண்டிருந்தது.
அது விலகும்வரை குடையை விரிக்காமல்
வெயிலில் நின்றா.

மூன்றாம் நாள் போனது. தாள் வரவில்லை.
திரும்பி வராத தாள் உள்ளபடி அச்சாகும்.
அச்சானது. யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.
சுற்றறிக்கை மட்டும்
எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது உவர்மலையில் மகனுடைய பள்ளிக்கூட வாசலில்
மேசை போட்டிருக்கிறார்கள்.
அவர்களுக்கு முந்தி
காலையில் நான் திறக்கிறேன் அவன் பையை,
அவன் குளிக்கிற நேரம் பார்த்து.
கொம்பாஸ் பெட்டி. வெடித்த பாகைமானி.
கடித்த அழிறப்பர். ஒரு ரொஃபித் தாள்,
அதை வெளிச்சத்தில் பிடித்து இருபக்கமும் பார்த்தேன்.

ஈரத்தலையோடு வந்து நின்றான்.
"என்னம்மா தேடுறீங்கள்?"

பெட்டியை மூடினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

"உனக்கு எங்கையும் நோகுதோ?" என்று கேட்டேன்.